ஆழத்தில் பாஸ் மீனைத் தேடத் தொடங்குபவருக்கு

இரண்டு பருவங்களாகக் காயாக் என்னும் சிறு துடுப்புப் படகில் சென்று, கரையோர நீர்ச்செடிகளின் விளிம்பில் தூண்டில் போட்டு பாஸ் பிடித்துப் பழகியிருக்கிறீர்கள். ஜூன் முடிந்ததும் அந்த இடங்கள் வெறிச்சோடிவிட்டன. மீன்கள் ஆழத்துக்குப் போய்விட்டன என்று மற்றவர்கள் சொன்னதைக் கேட்டு, அதே இரைகளுடன் 30 அடி நீரில் மூன்று நாள் முயன்றும் ஒரு மீன்கூடக் கொத்தவில்லை. ஆழத்துக்கு எந்த இரையை வாங்குவது என்று கேட்டிருக்கிறீர்கள். கேள்வி இரையைப் பற்றியதாக இருந்தாலும், அதற்குள் வேறொரு கேள்வி இருப்பதாக எனக்குப் படுகிறது. கரையோரத்தில் செடி, கட்டை, நிழல் என்று உங்கள் கண்ணே இடத்தைக் காட்டிக்கொடுத்தது. நடு ஏரியில் எந்தப் பக்கம் திரும்பினாலும் ஒரே தண்ணீர்தான். பார்க்க முடியாத இடத்தில் மீன் எங்கே நிற்கும், அங்கே என் இரை என்ன செய்துகொண்டிருக்கிறது என்பதை எப்படித் தெரிந்துகொள்வது என்றுதான் நீங்கள் உண்மையில் கேட்கிறீர்கள். அதற்கே பதில் எழுதுகிறேன்; இரையைப் பற்றி அதன் இடம் வரும்போது சொல்கிறேன்.

கடலிலும் கழிமுகத்திலும் வாழும் கொடுவாயையும் பாஸ் என்று சொல்வதுண்டு. இங்கே நான் பேசுவது வட அமெரிக்க நன்னீர் மீன்களான பெருவாய் பாஸ், சிறுவாய் பாஸ், புள்ளி பாஸ் ஆகியவற்றைப் பற்றி மட்டுமே. பதினெட்டு ஆண்டுகளாக நான் தூண்டில் போட்டு வந்திருப்பது பெரும்பாலும் ஆற்றை மறித்துக் கட்டிய நீர்த்தேக்கங்களில். வடக்கே உள்ள இயற்கை ஏரிகளில் சிறுவாய் பாஸ் பிடித்த அனுபவம் எனக்குக் குறைவு. ஆகவே அத்தகைய ஏரியில் நீங்கள் இருந்தால், கீழே சொல்வதை அந்த ஏரியை அறிந்த ஒருவரின் சொல்லோடு ஒப்பிட்டுப் பார்த்துக்கொள்ளுங்கள்.

ஆழம் என்பதற்கு எல்லா ஏரிக்கும் பொதுவான அளவு கிடையாது. கலங்கிய நீரில் 12 அடியே ஆழம்தான். அடித்தளம் வரை வெளிச்சம் இறங்கும் தெளிந்த நீரில் 40 அடியிலும் பாஸ் இரை தேடும். ஆனால் கோடையில் பல ஏரிகளில் ஆழத்துக்கு ஒரு கீழெல்லை விழுந்துவிடுகிறது. ஆழத்தில் தொடங்குபவர்கள் பெரும்பாலும் அறியாமல் தவறவிடுவது இதைத்தான். வெயிலில் சூடேறிய மேல்நீர் எடை குறைந்து மேலேயே நிற்கும். குளிர்ந்த நீர் கீழே தங்கும். இரண்டுக்கும் இடையில், சில அடிகளுக்குள்ளேயே வெப்பநிலை சட்டென்று இறங்கும் ஒரு மெல்லிய அடுக்கு உருவாகிறது. தெர்மோக்ளைன் என்பது இதுதான். அதற்குக் கீழே உள்ள நீர் கோடை முழுவதும் காற்றைத் தொடுவதில்லை. மேலிருந்து விழுந்து மக்கும் பாசியும் இலையும் அங்கிருக்கும் ஆக்சிஜனைத் தின்றுவிடுகின்றன. வளம் மிகுந்த ஏரிகளில் ஆகஸ்ட் மாதத்துக்குள் அந்தக் கீழ்நீரில் மீன் மூச்சுவிடக்கூட இயலாது. உங்கள் ஏரியில் இந்த அடுக்கு 22 அடியில் இருந்திருந்தால், நீங்கள் 30 அடியில் அடித்தளத்தில் செலவிட்ட மூன்று நாளும் மீனே இல்லாத நீரில் கழிந்திருக்கின்றன. இரையை மாற்றியிருந்தாலும் பயன் இருந்திருக்காது.

அந்த அடுக்கைக் கண்டுபிடிப்பது கடினமில்லை. ஒலியலையால் அடியில் உள்ளதைத் திரையில் காட்டும் சோனார் கருவி இருந்தால், ஆழமான நீரின் மேல் நின்று அதன் உணர்திறனைக் கூட்டுங்கள். நடுநீரில் புகை படிந்ததுபோல ஒரு மங்கலான பட்டை குறுக்காகத் தெரியும். சோனார் இல்லையென்றால், நரம்பில் வெப்பமானியைக் கட்டி இறக்கிப் பார்க்கலாம். எல்லா நீர்நிலையிலும் இது இருக்கும் என்று நினைத்துவிடாதீர்கள். ஆற்றோட்டம் வலுவாக உள்ள நீர்த்தேக்கங்களில் நீர் கலந்துகொண்டே இருப்பதால் அடுக்குகள் சரியாக உருவாவதில்லை. வளம் குறைந்த, மிகத் தெளிந்த ஏரிகளில் கீழ்நீரிலும் ஆக்சிஜன் எஞ்சியிருக்கும். இலையுதிர்காலத்தில் மேல்நீர் குளிர்ந்து கனத்துக் கீழிறங்கும்போது ஏரி முழுவதும் கலந்துவிடும். அதன்பின் இந்த எல்லை மறைந்து, குளிர்காலத்தில் பாஸ் கோடையைவிட ஆழமாகவும் இறங்கும்.

இன்னொன்றையும் உறுதியாகச் சொல்லலாம். எல்லா பாஸ் மீன்களும் ஆழத்துக்குப் போவதில்லை. அலைபரப்பிக் கருவி பொருத்திப் பின்தொடர்ந்த ஆய்வுகளில், ஒரே ஏரியில் சில மீன்கள் ஆண்டு முழுவதும் கரையோரத்திலேயே தங்குவதும் சில வெகுதூரம் நகர்வதும் தெரியவந்திருக்கின்றன. வசந்தத்தில், நீர் ஏறக்குறைய 60 முதல் 65 டிகிரி ஃபாரன்ஹீட்டை எட்டும்போது முட்டையிட ஆழமற்ற பகுதிக்கு வந்த மீன்களில் ஒரு பெரும்பகுதி, அது முடிந்ததும் இரைமீன் கூட்டங்களைத் தொடர்ந்து வெளியே செல்கிறது. வெயில் கண்ணைக் கூசச் செய்வதால்தான் பாஸ் ஆழத்துக்குப் போகிறது, அதற்கு இமை இல்லை அல்லவா என்று அடிக்கடி சொல்வார்கள். இமை இல்லாதது உண்மை. அதிலிருந்து எடுக்கும் முடிவு ஐயத்துக்குரியது, ஏனென்றால் நண்பகல் வெயிலில் இரண்டடி நீரில் நிற்கும் பாஸை நீங்களும் பார்த்திருப்பீர்கள்.

சரி, எங்கே தேடுவது? ஆழநீரின் பெரும்பரப்பு வெறுமையானது. மீன்கள் நிற்பது ஏதாவது ஒன்று மாறும் இடத்தில்: கரையிலிருந்து நீருக்கடியில் நீண்டு செல்லும் முனை திடீரென்று சரியும் இடம், நாற்புறமும் ஆழம் சூழ்ந்த மேடு, அணை கட்டுவதற்கு முன் ஓடிய ஆற்றின் பழைய தடம் வளைந்து மேட்டை உரசும் இடம், சேறு முடிந்து சரளை தொடங்கும் இடம். அமெரிக்காவில் டென்னசி ஆற்றை மறித்துக் கட்டிய கென்டக்கி ஏரி இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. கோடையின் தொடக்கத்தில் அங்கே பாஸ் கூட்டங்கூட்டமாகப் பழைய ஆற்றுத் தடத்தின் விளிம்புகளில் சேர்கின்றன. அணையில் மின்னுற்பத்திக்காக நீரைத் திறந்து ஓட்டம் வந்ததும், அதுவரை வாயே திறக்காத மீன்கள் வரிசையாகக் கொத்தத் தொடங்கும். இருபதாம் நூற்றாண்டின் நடுவில் வட கரோலினாவைச் சேர்ந்த பக் பெர்ரி, ஆழநீரே மீனின் வீடு என்றும், அங்கிருந்து அது குறிப்பிட்ட வழிகளில்தான் மேலேறி வந்து போகிறது என்றும் சொல்லி, ஒவ்வோர் ஆழத்தையும் ஒழுங்காகத் துழாவும் முறையை ஊர் ஊராகக் கற்பித்தார். இன்று நாம் முனை, மேடு, விளிம்பு என்று பேசும் பேச்சு பெரும்பகுதி அவரிடமிருந்து வந்தது. அந்த வழியை இரைக்கு முன்னால் தேடவேண்டும் என்பதில் எனக்கு ஐயமே இல்லை.

அதற்கு முதல் கருவி ஏரியின் ஆழ வரைபடம். கோடுகள் நெருங்கியிருந்தால் செங்குத்துச் சரிவு, விலகியிருந்தால் சமதளம். நெருக்கமும் விலகலும் சந்திக்கும் மூலைகளைக் குறித்துக்கொள்ளுங்கள். இரண்டாவது கருவிக்குச் செலவே இல்லை, ஆனால் அதைப் பயன்படுத்துபவர்கள் மிகக் குறைவு. பல நீர்த்தேக்கங்களில் குளிர்காலத்தில் நீர்மட்டத்தை இறக்குவார்கள். கென்டக்கி ஏரியில் கோடைக்கும் குளிர்காலத்துக்கும் 5 அடி வேறுபாடு. மலைப்பகுதித் தேக்கங்கள் சிலவற்றில் இது பல பத்து அடிகளாக இருக்கும். அந்த நாட்களில் கரையில் நடந்துபோய்ப் பாருங்கள். கோடையில் நீருக்கடியில் மறைந்திருந்த அடிமரங்கள், பழைய சாலையின் மேடு, சிப்பிப் படுகை, ஓடை அறுத்த பள்ளம் எல்லாம் வெயிலில் காய்ந்து கிடக்கும். படம் எடுத்துக்கொள்ளுங்கள், கரையில் உள்ள நிலையான இரண்டு அடையாளங்களை வைத்து இடத்தையும் எழுதிக்கொள்ளுங்கள். நீர் இறங்கிய பின்னும் மூழ்கியே இருக்கும் பகுதியை இப்படிப் பார்க்க முடியாது என்றாலும், ஒரு முனை நீருக்குள் எப்படி இறங்குகிறது என்பது ஒருமுறை கண்ணால் பார்த்தவருக்கு மறப்பதில்லை.

சோனாரைப் பற்றி எல்லோரும் கேட்பார்கள். பொழுதுபோக்குக்குத் தூண்டில் போடுபவர்களுக்கான சோனார் 1950களின் இறுதியிலேயே வந்துவிட்டது. மீன் நகர்வதை நேரலையாகக் காட்டும் முன்னோக்கிப் பார்க்கும் வகை பரவலானது 2018க்குப் பிறகு. தொடக்கத்தில் உங்களுக்கு எளிய, கீழ்நோக்கிப் பார்க்கும் கருவியே போதும் என்பது என் கருத்து. அதன் ஒலிக்கற்றை ஒரு கூம்பு. 20 டிகிரிக் கூம்பாக இருந்தால், அது அடியில் பார்க்கும் வட்டத்தின் விட்டம் ஆழத்தில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு. அதாவது 30 அடியில் சுமார் 10 அடி. திரையில் தெரியும் மீன் உங்கள் காயாக்குக்கு நேர் கீழே இருக்கவேண்டும் என்ற அவசியம் இல்லை. சரிவின் மேல் நின்றால் கற்றையின் மேட்டுப்பக்க ஓரம் முதலில் தரையைத் தொட்டுவிடுவதால், தாழ்ந்த பக்கத்தில் தரையை ஒட்டிப் படுத்திருக்கும் மீன் திரையில் வரவே வராது. அதனால் வெற்றுத் திரையைக் கண்டு நல்ல இடத்தை விட்டுப் போய்விடாதீர்கள். தரையின் கீழே இரண்டாவதாக ஒரு கோடு எதிரொலியாகத் தெரிந்தால் அங்கே அடித்தளம் கடினமானது. அந்த ஒரு செய்திக்காகவே கருவியை வைத்துக்கொள்ளலாம்.

இனி விரலுக்கு வருவோம். நான் மிக விரும்பும் பகுதி இது. முதல் சில நாட்கள் மீனை மறந்து, கரோலினா ரிக் ஒன்றைக் கட்டிக்கொள்ளுங்கள். முதன்மை நரம்பில் நழுவி ஓடும் முக்கால் அவுன்ஸ் எடை, ஒரு மணி, ஸ்விவல் என்னும் சுழல் வளையம் ஒன்று, அதன் பின் 3 அடி நீளத் துண்டு நரம்பு, அதன் முனையில் முள்ளும் ரப்பர் இரையும், அவ்வளவே. எறிந்துவிட்டு, எடை தரையைத் தொடும்வரை மனத்துக்குள் எண்ணுங்கள். பிறகு ரீலைச் சுற்றாமல், கோலைத் தரைக்கு இணையாகப் பக்கவாட்டில் மெல்ல இழுங்கள். சேற்றில் எடை நனைந்த துணியை இழுப்பதுபோல் ஓசையின்றி வரும். சரளையில் கோல் முழுவதும் நுண்ணிய அதிர்வு ஓடி, பிடித்த கையின் சுட்டுவிரலில் நறநறக்கும். பாறையில் டக், டக் என்று தனித்தனியாகத் தட்டும். அடிமரத்தில் எடை தடுக்கி நின்று, கோல் நுனி வளைந்து வளைந்து, பின் சட்டென்று விடுபடும். ஒரு நீண்ட முனையில் இப்படி இழுத்துக்கொண்டிருந்தபோது, 19 அடி ஆழத்தில், சேற்றுக்கு நடுவே ஓர் அறை அகலத்துக்கு மட்டும் சரளை இருப்பதை விரலில் உணர்ந்தேன். அதற்குமுன் மூன்று ஆண்டுகள் அந்த முனையில் தூண்டில் போட்டவன் நான். அன்று மாலைக்குள் அந்தச் சரளையிலிருந்து ஐந்து மீன் எடுத்தேன். அதன்பின் ஒவ்வொரு கோடையிலும் அங்கே மீன் இருந்திருக்கிறது.

தரையைப் படிக்கத் தெரிந்தபின், பிடிப்பதற்கு டிராப் ஷாட்டைப் பரிந்துரைப்பேன். ஜப்பானில் வளர்ந்து, பின்னர் அமெரிக்காவில் பரவிய முறை இது. எடை நரம்பின் கடைசி முனையில் இருக்கும். அதற்கு ஓர் அடி அல்லது ஒன்றரை அடி மேலே சிறிய முள், அதில் மூக்கில் மட்டும் குத்திய 4 அல்லது 5 அங்குல ரப்பர்ப் புழு. முள்ளைப் பாலோமர் முடிச்சால் கட்டி, மிஞ்சிய நரம்பை முள்ளின் கூர் இருக்கும் பக்கத்திலிருந்து அதன் கண்ணுக்குள் திரும்பக் கோத்தால், முள் நரம்புக்குச் செங்குத்தாக, கூர் மேல்நோக்கி நிற்கும். கால் அவுன்ஸிலிருந்து 3/8 அவுன்ஸ் வரை எடை போதும். காற்று இருந்தால் கூட்டுங்கள். காயாக்கிலிருந்து நேர் கீழே இறக்கலாம் என்பது உங்களுக்குப் பெரும் வசதி. புதியவர் செய்யும் தவறு, எடையையே தூக்கித் தூக்கிப் போடுவது. எடை தரையிலேயே இருக்கட்டும். நரம்பைச் சற்றுத் தளர்த்தி, கோல் நுனியை மட்டும் நடுக்குங்கள். புழு இருந்த இடத்திலேயே துடிக்கும். பிறகு பத்து நொடி கையை அசைக்காமல் இருங்கள். பெரும்பாலும் அந்த அமைதியில்தான் கொத்தும்.

ஆழத்தில் கொத்துவது கரையோரத்தில் கொத்துவதுபோல இருக்காது. வெடுக்கென்று பறிப்பதை எதிர்பார்த்தால் பாதி மீனைத் தவறவிடுவீர்கள். எடையின் உணர்வு காணாமல் போகும், அல்லது நரம்பில் ஈரப்பஞ்சு தொங்குவதுபோல் ஒரு கனம் வரும். இறங்கும்போதும் கவனமாக இருங்கள். 17 எண்ணும்போது தரையைத் தொடும் இடத்தில் 11லேயே நரம்பு தளர்ந்து நின்றால், நடுநீரில் ஒரு மீன் அதை வாயில் வைத்திருக்கிறது. டிராப் ஷாட்டின் மெல்லிய முள்ளுக்குச் சுண்டி இழுக்கத் தேவையில்லை. தளர்ச்சியைச் சுற்றி எடுத்துக்கொண்டே கோலை நிதானமாக உயர்த்தினால் முள் தானே பதியும். நரம்பைப் பொறுத்தவரை, நைலான் இழுபடும் தன்மையுடையது என்பதால் 30 அடிக்குக் கீழே நடப்பது கைக்கு வந்துசேர்வதற்குள் மழுங்கிவிடுகிறது. மெல்லிய பின்னல் நரம்பு இழுபடாது, ஆனால் மிதக்கும். ஃப்ளோரோகார்பன் என்ற இன்னொரு வகை நரம்பு நீரைவிட ஏறக்குறைய 1.8 மடங்கு அடர்த்தியானது என்பதால் மூழ்கும். ரீலில் பின்னல் நரம்பும் முனையில் 8 முதல் 10 அடி ஃப்ளோரோகார்பனும் கட்டுவதே என் வழக்கம். மீன் கண்ணுக்கு ஃப்ளோரோகார்பன் தெரியாது என்பதை அப்படியே நம்பவேண்டாம். அதன் ஒளிவிலகல் நைலானைவிட நீருக்கு நெருக்கமானது, அந்த அளவுக்கே அது உண்மை.

ஆழத்தில் மீன் கூட்டமாக நிற்கும். கொத்தும் நேரமோ குறுகியது. ஒன்று கிடைத்தவுடன் இடத்தைக் குறித்துக்கொண்டு, அதே கோணத்தில் உடனே மீண்டும் எறியுங்கள். நல்லது என்று நீங்கள் நம்பும் ஓரிடத்தில் ஒன்றும் இல்லையென்றால், இரண்டு மணி நேரம் கழித்துத் திரும்பி வாருங்கள்.

ஐயத்துக்குரியவற்றைப் பற்றிக் கொஞ்சம். இரையின் நிறம் குறித்து எவ்வளவோ பேசப்படுகிறது. நீர் சிவப்பு ஒளியைத்தான் முதலில் உறிஞ்சுகிறது என்பது இயற்பியல். ஆகவே ஆழத்தில் சிவப்பு கறுத்துத் தெரியும். அதற்கு மேல் இந்த நிறம் இன்றைக்கு, அந்த நிறம் நாளைக்கு என்று சொல்வதற்கு என் குறிப்பேடுகளில் ஆதாரம் இல்லை. காற்றழுத்தம் மாறினால் மீனின் காற்றுப்பை பாதிக்கப்பட்டு அது கொத்தாது என்பார்கள். பெரிய புயலோடு வரும் 30 ஹெக்டோபாஸ்கல் வீழ்ச்சிகூட, மீன் ஓர் அடி மேலேறினால் உணரும் அழுத்த மாற்றத்துக்குத்தான் சமம். நாளில் பலமுறை பல அடி ஏறி இறங்கும் மீனுக்கு அது நேரடித் துன்பம் தரும் என்று நான் நம்பவில்லை. மேகமும் காற்றும் மீனின் நடத்தையை மாற்றுவதை ஏற்கிறேன்.

காற்றுப்பையைப் பற்றிப் பேசும்போதே, நீங்கள் கேட்காத ஒன்றைச் சொல்லவேண்டும். ஆழத்திலிருந்து மீனை மேலே கொண்டுவருவதற்கு ஒரு விலை உண்டு, அதைக் கொடுப்பது மீன். பாஸின் காற்றுப்பைக்கு வாய்வழித் திறப்பு இல்லை. உள்ளிருக்கும் வாயு இரத்தத்தின் வழியாக மிக மெதுவாகத்தான் வெளியேறும். ஏறக்குறைய 33 அடியில் அழுத்தம் மேற்பரப்பைப்போல் இருமடங்கு. அங்கிருந்து தூக்கப்பட்ட மீனின் பையிலுள்ள வாயு இருமடங்காக விரிகிறது. கண்கள் பிதுங்கும், வயிறு உப்பும், தொண்டையில் இளஞ்சிவப்பாக இரைப்பை தள்ளிக்கொண்டு வரும், நீரில் விட்டால் பக்கவாட்டில் மிதக்கும். தொடக்க ஆண்டுகளில் அப்படி மிதந்த மீனைக் களைத்துப்போயிருக்கிறது, தானே போய்விடும் என்று எண்ணி விட்டுவிட்டு வந்திருக்கிறேன். மறுநாள் காலையில் அதே முனையின் கரையில் மூன்று மீன்கள் வெள்ளை வயிறு மேலே தெரிய ஒதுங்கிக் கிடந்தன. அவை நான் பிடித்தவைதான் என்பதில் எனக்குச் சந்தேகம் வரவில்லை.

மெதுவாக இழுத்தால் இது நேராது என்று சிலர் சொல்வது தவறு. வாயு கரைந்து வெளியேற மணிக்கணக்கில் ஆகும், தூண்டிலில் நாம் எடுத்துக்கொள்வதோ ஓரிரு நிமிடம். 25 அல்லது 30 அடிக்குக் கீழிருந்து பிடித்தால், படம் எடுக்க வைத்திருக்காமல் உடனே விடுங்கள். மூழ்க முடியாமல் தவிக்கும் மீனைத் தாடையில் எடை கட்டிய கவ்வியால் பிடித்து ஆழத்துக்கு இறக்கி, அங்கே விடுவிக்கும் எளிய கருவிகள் இருக்கின்றன, ஒன்றை வைத்துக்கொள்ளுங்கள். ஊசியால் பையைத் துளைத்து வாயுவை வெளியேற்றும் முறையும் உண்டு. பயின்றவர் கையில் அது பயன்படுகிறது என்பாரும், உள்ளுறுப்பைக் கிழித்துவிடும் என்பாரும் இருக்கிறார்கள். அனுமதியும் இடத்துக்கு இடம் வேறுபடுகிறது. நேரில் ஒருவர் கற்றுத்தராமல் செய்யாதீர்கள். வாயில் தெரியும் இரைப்பையை ஒருபோதும் துளைக்காதீர்கள். மீன்கள் தொடர்ந்து மிதக்கத் தொடங்கினால், எத்தனை கொத்தினாலும் அன்றைக்கு அந்த ஆழத்தை விட்டு எழுந்துவிடுவேன்.

அதனால் உங்கள் முதல் ஆழம் 15 முதல் 22 அடிக்குள் இருக்கட்டும். அங்கே மீனுக்கும் தொல்லை குறைவு, தரையும் விரலுக்குத் தெளிவாக வரும். ஏரி முழுவதையும் சுற்றாமல், வரைபடத்தில் நீண்ட முனை ஒன்றை மட்டும் தேர்ந்தெடுங்கள். கரையோரத்துக்கான கோல்களை வீட்டிலேயே வைத்துவிடுங்கள்; அவை காயாக்கில் இருந்தால் ஒரு மணி நேரத்தில் செடிகளிடம் திரும்பிவிடுவீர்கள், எனக்கும் அப்படித்தான் நடந்தது. உயிர்காப்பு உடையை அணிந்துகொண்டு, காற்று எழும் முன் காலையில் போய், முதல் நாள் முழுவதும் கரோலினா ரிக்கை இழுத்து, முனையின் எந்தப் பகுதியில் சேறு, எங்கே சரளை, எங்கே கட்டை என்று காகிதத்தில் வரைந்து வாருங்கள். இரண்டாம் நாள் அந்தக் காகிதத்தோடு டிராப் ஷாட்டை எடுத்துச் சென்று, சரளை முடியும் விளிம்பில் முதலில் இறக்குங்கள்.